தூங்கு என்று சொல்கிறவர் யார்?

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் அது நடக்கும். சன்னல் திரைகளை இழுத்துவிடுவார்கள். விளக்கு அணையும். ஒலிபெருக்கியில் மெல்லிய புல்லாங்குழல். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். தன்முனைப்புப் பேச்சாளர் குரலைத் தாழ்த்திப் பத்திலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ணுவார். 'உடம்பு கனமாகுது... ஆழ்மனக் கதவு திறக்குது... உனக்குக் கணிதத்தைப் பார்த்துப் பயமே இல்ல...' பிறகு அம்மா இருட்டோடு வேலைக்குக் கிளம்புவதும் அப்பாவின் கைக்காய்ப்பும் வரும். இசை மாறும். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழும். அழுது முடித்ததும் விளக்கைப் போட்டு, 'என்னால் முடியும்' என்று மூன்று தடவை கத்தச் சொல்வார்கள். 1988இல் வந்து 2021இல் ஒழிக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதிய நம்மில் பலருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மண்டபத்தில் அழுத பிள்ளையின் பயம் உண்மை. எனக்கு ஆர்வம் இந்தச் சடங்கின் வம்சாவளியில்தான். சிரம்பானுக்குத் தெற்கே, லிங்கி போகும் வழியில் இருக்கிற ரந்தாவ், பக்கத்தில் சிலியாவ், சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் பின்னர் செம்பனையுமாக இருந்த தோட்டங்கள். இப்படிப்பட்ட ஊருக்கு மெஸ்மரிசமும் ஹிப்னாட்டிசமும் எந்த வழியாக வந்து சேர்ந்தன? வந்தபோது எதைக் கொண்டுவந்தன, எதை வழியிலேயே தொலைத்துவிட்டு வந்தன?

தொலைந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கோவாக்காரரின் பெயர்.

ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா 1756இல் கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிரிந்து, அப்பா பாதிரியார் ஆனார், அம்மா கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போனார். பையனுக்குப் பதினைந்து வயதாகும்போது, 1771இல், தகப்பனும் மகனும் லிஸ்பனுக்குக் கப்பலேறினார்கள். ரோமில் இறையியல் படித்து மகனும் பாதிரியார் ஆனார். இவரைப் பற்றிக் கோவாவில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. போர்ச்சுகல் அரசியின் முன்னால் பிரசங்கம் செய்ய இளம் ஃபாரியாவுக்கு அழைப்பு வருகிறது. மேடை ஏறுகிறார். எதிரே பட்டும் பொன்னுமாக அரசவை. நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஒரு வார்த்தையும் வரவில்லை. அருகில் இருந்த தகப்பன் மகனின் காதோரம் கொங்கணியில் முணுமுணுக்கிறார்: இதெல்லாம் வெறும் கீரைதான்டா, வெட்டித் தள்ளு. அவ்வளவுதான். பயம் விட்டது, பிரசங்கம் பொழிந்தது. ஒரு சொல் எப்படி ஓர் உடம்பைக் கட்டவிழ்க்க முடியும் என்று ஃபாரியா வாழ்நாள் முழுக்க யோசித்தது அன்றைக்குத்தான் தொடங்கியது என்று கோவாக்காரர்கள் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கதை அவருக்குப் பொருந்துகிறது.

ஃபாரியா பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மெஸ்மரின் புகழ் ஏறி இறங்கியிருந்தது. ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், வியன்னா மருத்துவர். எல்லா உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, தன் கையசைவால் அதைத் திருப்பி நோயைத் தீர்க்கிறேன் என்றார். 1784இல் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆய்வுக்குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். திரவம் என்று ஒன்றுமில்லை, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்பு சொன்னது. கற்பனைதான் என்றதும் விஷயம் முடிந்துவிட்டதாகப் பெரிய மனிதர்கள் நினைத்தார்கள். வெறும் கற்பனையால் வலி போகிறது என்றால் அது திரவத்தைவிட வியப்பான சங்கதி ஆயிற்றே என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஃபாரியாவுக்குத் தோன்றியது. 1813இல் பாரிசில் பொதுமக்கள் முன்னால் அமர்வுகள் நடத்தத் தொடங்கினார். நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, மனத்தைக் குவிக்கச் சொல்லி, பிறகு உரத்த குரலில் 'தூங்குங்கள்' என்பார். கருத்த நிறம், உயர்ந்த உருவம், பாதிரி அங்கி. பாரிசுக்காரர்கள் இந்திய மந்திரவாதியைப் பார்க்கக் கூடினார்கள். அவர் சொன்னதோ நேர் எதிரானது. என் கையிலும் கண்ணிலும் எந்தச் சக்தியும் இல்லை, தூங்குகிறவரின் உள்ளேதான் எல்லாம் நடக்கிறது, சிலருக்கு அது எளிதில் வரும், சிலருக்கு வராது, நான் வாசலைக் காட்டுகிறேன், அவ்வளவுதான் என்றார். மந்திரவாதி தானே 'நான் மந்திரவாதி இல்லை' என்றால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? நடிகர் ஒருவர் தூங்குவதுபோல் நடித்துக் கண்ணைத் திறந்து ஏளனம் செய்தார். மேடை நாடகத்தில் கிண்டலடித்தார்கள். 1819இல், தன் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், வறுமையில் செத்துப்போனார். அலெக்சாந்தர் துமா தன் 'மான்டி கிறிஸ்டோ' நாவலில் சிறையில் இருக்கும் கிழப் பாதிரிக்கு இவர் பெயரை வைத்ததால் பெயராவது மிஞ்சியது.

ஃபாரியா அந்த நிலைக்கு வைத்த பெயர் 'தெளிந்த தூக்கம்' என்ற பொருளில் வரும். தமிழில் ஹிப்னாசிசுக்குக் கலைச்சொல் தேடியவர்கள் எடுத்துக்கொண்டது 'அறிதுயில்'. பாற்கடலில் திருமால் கொண்ட, எல்லாம் அறிந்தபடி கிடக்கும் துயில். ஃபாரியாவை வாசித்துவிட்டு இதை வைத்தார்களா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் பொருத்தம் அச்சானது. தூங்குகிறவருக்கு அறிவு போகவில்லை என்பதைச் சொல்லும் சொல் இது. அதே பொருளுக்கு நம் கடைத்தெருவில் ஓடும் இன்னொரு சொல் 'மனோவசியம்'. அதில் அறிவு மொத்தமும் வசியம் செய்கிறவர் பக்கம் போய்விடுகிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் இந்த வரலாறு ஓடுகிறது.

அடுத்த கட்டம் வங்காளம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர். 1845 ஏப்ரல் 4ஆம் தேதி, விரைவீக்கத்தால் துடித்த ஒரு சிறைக்கைதியின் மேல் மெஸ்மரிசத்தை முதன்முறையாகச் செய்து பார்த்தார். அதற்கு முன் அவர் அதைப் பற்றி வாசித்ததோடு சரி. கைதி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார். ஊசியால் குத்தினார்கள், நெருப்பை வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. எட்டு மாதத்தில் எழுபதுக்கு மேற்பட்ட அறுவைகள் வலியின்றிச் செய்ததாக எஸ்டெய்ல் கணக்குக் கொடுத்தார். அரசு ஆய்வுக்குழு போட்டது, கல்கத்தாவில் 1846இல் தனியாக ஒரு மெஸ்மரிச மருத்துவமனையே திறந்தது. யானைக்கால் நோயால் வந்த பெரும் கட்டிகளை அறுக்க நோயாளிகள் தாமாகவே தேடி வந்தார்கள். வலி தெரியாமல் அறுக்க ஈதரும் குளோரோஃபார்மும் வராத காலம். பாஸ்டனில் ஈதர் மேடையேறியதும் அதே 1846இல்தான், அடுத்த ஆண்டே குளோரோஃபார்ம். எஸ்டெய்ல் 1851இல் ஊர் திரும்பியபோது மெஸ்மரிச மருத்துவத்தின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது.

எஸ்டெய்லின் 1846ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு சங்கதிகள். ஒன்று, அந்தத் தூக்கத்தை வரவழைக்கும் வேலை. நோயாளியின் தலைமாட்டில் குனிந்து, முகத்திலிருந்து வயிறு வரை கையை மெல்ல இறக்கி இறக்கி, இடையிடையே ஊதி, மணிக்கணக்காகச் செய்ய வேண்டும். எஸ்டெய்லுக்கு உடம்பு தாங்கவில்லை. அதனால் மருத்துவமனையில் இருந்த இந்திய இளைஞர்களைப் பழக்கினார். பெரும்பாலான நோயாளிகளைத் தூங்கவைத்தவர்கள் அவர்கள்தான். வெள்ளைக்காரக் கண்ணின் காந்த சக்தி என்ற கதை இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, ஹூக்ளியில் பேர்பெற்ற ஒரு மந்திரவாதியை எஸ்டெய்ல் சந்தித்து அவர் வைத்தியத்தைப் பார்த்தது. இலைக்கொத்தால் தலையிலிருந்து கீழே வருடுவது, மந்திரம் முணுமுணுப்பது, ஊதுவது. இது நான் செய்வதுதானே என்றார் எஸ்டெய்ல். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எந்தக் கிழவிக்கும் இதைப் படித்துக்காட்டினால், 'வேப்பிலை அடிச்சித் துன்னூறு ஊதறத இவ்ளோ பெருசா எழுதியிருக்கானா?' என்றுதான் கேட்பாள்.

எஸ்டெய்லின் வெற்றியை மற்ற ஆங்கில மருத்துவர்கள் எப்படி விளக்கினார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நோயாளிகள் நடிக்கிறார்கள் என்றனர் சிலர். இந்தியர்களின் உடம்பும் மனமும் அப்படி, எளிதில் வளையும், ஐரோப்பியரிடம் இது செல்லாது என்றனர் சிலர். மலாயாவிலும் இதே பாட்டுத்தான். ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1895இல் வெளியிட்ட மலாய் வாழ்க்கைச் சித்திரங்களில் 'லாத்தா' பற்றி ஒரு பகுதி இருக்கிறது. திடீரென்று திடுக்கிட வைத்தால் எதிரே இருப்பவர் செய்வதையெல்லாம் தன்னையறியாமல் திருப்பிச் செய்யும் நிலை அது. 1897இல் மருத்துவர் கில்மோர் எல்லிஸ் லாத்தாவை மலாய்க்காரர்களின் மனநோய் என்று கட்டுரை எழுதினார். தமிழர்களுக்கு வேறு ஒரு சான்றிதழ் கிடைத்திருந்தது: அடக்கமானவன், சொன்னதைக் கேட்பவன். துரைமார்கள் ரப்பருக்குத் தமிழரைத் தேடியதற்கு அது ஒரு காரணம்.

இந்த இடத்தில் தோட்டமே ஒரு மாபெரும் மெஸ்மரிசம் என்று எழுதிவிட்டுப் போகலாம். விடியும்முன் பெரட்டு மணி, வரிசை, பேர் கூப்பிடுதல், அதே மரம், அதே வெட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையில்லை. துரையின் கண்ணுக்குப் பின்னால் சட்டமும் போலீசும் கங்காணியின் கடன்கணக்கும் இருந்தன. கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு ஒன்று இருந்தது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பது இன்னொன்று. ஆர். எச். நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளில் இருந்து தானாக இறங்கிவிடும் அந்தக் கால், அதுதான் நாம் பேசுகிற பயம். அதற்கு வேர் ஆழ்மனத்தில் மட்டும் இல்லை.

பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கணக்கில்தான் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, வாத்தியார் வேலைக்குக் கிராணியோ கங்காணியோ. இப்படித் தொடங்கிய பள்ளிகளின் பிள்ளைகளுக்குத்தான் பிற்பாடு 'உன்னிடம் தன்னம்பிக்கை இல்லை' என்று சொல்லப்பட்டது.

இதற்கிடையே தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலியில் டி. ஆர். சஞ்சீவி என்பவர் 'லேட்டன்ட் லைட் கல்ச்சர்' என்ற நிறுவனத்தை நடத்தினார். உள்ளே மறைந்திருக்கும் ஒளியை வளர்ப்பது என்று பொருள். ஹிப்னாட்டிசம், மெஸ்மரிசம், ஆளுமைக் காந்தம் எல்லாவற்றுக்கும் தபால்வழிப் பாடம். 'கல்பகா' என்று ஆங்கிலப் பத்திரிகை. மெஸ்மரை பாரிசு நிராகரித்து நூறு வருடத்துக்கு மேல் ஆனபின், அமெரிக்கத் தன்னம்பிக்கைப் புத்தகங்களும் நம் யோக நூல்களும் ஒன்றாகக் கலந்து, தாமிரபரணிக் கரையில் அஞ்சல் தலை ஒட்டிக் கிளம்பின. உலகமே மேற்கிலிருந்து பாடம் வாங்கிய காலத்தில் திருநெல்வேலி உலகத்துக்குப் பாடம் விற்றது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. மறைக்கவில்லை.

ஆனால் இந்தச் சந்தையில் விற்றது ஃபாரியாவின் சரக்கு இல்லை. இந்த வகைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்: சுவரில் கரும்புள்ளி வைத்து இமைக்காமல் பார், கண்ணில் ஒளி ஏறும், மேலதிகாரி பணிவார், நினைத்தவர் வசியமாவார். வாசகர் யாரென்று இதிலிருந்தே ஊகிக்கலாம். ஆபீசில் தலைகுனிந்து நின்ற குமாஸ்தா. அவருக்கு வேண்டியிருந்தது துரையின் கண். அந்தக் கண்ணே இல்லாத ஓர் உலகத்தை யாரும் தபாலில் விற்கவில்லை.

மலேசியாவில் இந்தக் கண்ணுக்கு இன்னொரு நிழலும் சேர்ந்தது. 'பூக்காவ்' போட்டுவிட்டான், என் கையாலேயே சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லும் ஆட்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த மலாய்ச் சொல்லின் பழைய பொருள் கண்பார்வையைப் பற்றியதே இல்லை. திருடர்கள் வீட்டாரை மயக்கப் பயன்படுத்திய மருந்தைக் குறித்தது. மருத்துவர் கிம்லெட் 1915இல் வெளியிட்ட மலாய் நஞ்சுகள் பற்றிய நூலில் ஊமத்தை வரும் இடம் இதுதான். செடி மறந்துபோய் பார்வை மட்டும் நின்றுவிட்டது.

அப்படியென்றால் தோட்டத்தில் அறிதுயில் என்று நிஜமாக எதுவும் இருந்ததா? இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில், முனியாண்டி படையலில், உறுமியும் பம்பையும் ஏற ஏற ஒருவருக்குச் சாமி வரும். கற்பூரச் சுடரில் குத்திட்ட கண், ஒரே தாளம், சுற்றி நிற்பவர்களின் எதிர்பார்ப்பு. 1843இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட், ஹிப்னாட்டிசத்துக்கு அந்தப் பெயரையே வைத்தவர், பளபளக்கும் பொருளில் கண்ணை நிறுத்தச் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 1980களில் மலேசியத் தைப்பூசக் காவடியை உளவியலாளர் கொலின் வார்டு ஆராய்ந்தபோதும் இந்தத் தாளமும் கூட்டமும் எதிர்பார்ப்பும்தான் கவனத்துக்கு வந்தன. இரண்டும் ஒன்றே என்று சொல்ல நான் துணியமாட்டேன். பக்தர் அதை ஒப்பமாட்டார், நரம்பியலாளரும் ஒப்பமாட்டார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். எஸ்டெய்லின் கட்டிலில் கிடந்தவர் பேசவில்லை. தன்முனைப்பு மண்டபத்துப் பிள்ளையும் பேசுவதில்லை, சொல்லிக்கொடுத்த ஒரு வரியைக் கத்துவதோடு சரி. சாமி வந்தவரோ பேசுவார். பால் வெட்டும் பெண், வருடம் முழுக்கத் தலைநிமிராதவள், அன்றைக்கு மட்டும் 'டேய்' என்று ஆரம்பிப்பாள். கங்காணி கைகட்டி நின்று கேட்பார். கோயில் கணக்கு, மாமியார் கொடுமை, புருஷனின் குடி எல்லாம் வெளியே வரும். தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் இப்படிக் கதை கதையாகச் சொல்வார்கள். மறுநாள் பெரட்டில் அவள் பழையபடி நிற்பாள் என்பதும் நிஜம். சாமி யாருக்கும் கூலி ஏற்றித் தரவில்லை. என்றாலும் அந்த ஓர் இரவில் சக்தி எங்கே இருந்தது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

படிப்புக்கு வருவோம். தூக்கத்தில் ஒலிநாடா போட்டுப் பாடம் ஏற்றலாம் என்ற ஆசை பழையது. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி நாவலில் எழுதிவிட்டார். 1956இல் சைமன், எம்மன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மூளை அலைகளைப் பதிவுசெய்து சோதித்தார்கள். உண்மையிலேயே தூங்கியவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. நினைவில் நின்றதெல்லாம் அரைகுறையாக விழித்திருந்த நேரத்தில் கேட்டது. ஹிப்னாசிசில் மறந்தது நினைவுக்கு வருமா என்று 1983இல் டைவன், பவர்ஸ் சோதித்தார்கள். சரியாகச் சொன்னவை கூடின, தவறாகச் சொன்னவை அதைவிட அதிகமாகக் கூடின. தேர்வு எழுதுகிறவருக்கு இதைவிட ஆபத்தான உதவி இருக்க முடியாது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் நம் நாட்டில் பரபரப்பாக ஓடிய 'நடுமூளைத் தூண்டல்' வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் மூக்கோர இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும். பணம் கட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

பயத்தின் விஷயம் வேறு. அங்கே ஹிப்னாசிசுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. வலியையும் பதற்றத்தையும் தணிக்க அது சிலருக்கு உதவும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற சேதி. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இலும் அமெரிக்கச் சங்கம் 1958இலும் அதை ஒப்புக்கொண்டன. யாருக்கு எவ்வளவு வரும் என்பதை அளக்க 1959இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் அளவுகோலும் செய்தார்கள். எண்ணுகிறவரின் குரல் ஒன்றுதான், ஆனால் சிலர் உடனே போகிறார்கள், சிலர் கடைசிவரை போவதில்லை. ஃபாரியா சொன்னதே ஆய்வுக்கூடத்தில் திரும்ப வந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட முறையில், பயப்படுகிறவர் தன் பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை தானே வரிசைப்படுத்துகிறார். உடம்பைத் தளர்த்திக்கொண்டு, முதல் படியில் பதற்றம் அடங்கும்வரை நின்று, பிறகுதான் அடுத்த படி. வோல்பே தொடக்கத்தில் தளர்த்துவதற்கு ஹிப்னாசிசைப் பயன்படுத்தியவர்தான். வேலையைச் செய்தது ஏணி.

ரந்தாவ் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஏணி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் படி, பக்கத்துச் சிநேகிதிக்கு ஒரு கணக்கை விளக்குவது. பிறகு நாலு பேருக்கு. பிறகு வகுப்புக்கு. பிறகு, ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அந்த நாள். சிலருக்குப் புகுமுக வகுப்பு, சிலருக்கு நேரே முதல் படிவம். மொழி மாறுகிறது, முகங்கள் மாறுகின்றன, முதல் கேள்வியை மலாயில் கேட்கிறார்கள், விடை தெரிந்தும் கை எழவில்லை. அந்தக் கை ஏன் எழவில்லை என்பதற்குச் சைக்கிளில் இருந்து இறங்கிய கால் வரைக்கும் பின்னோக்கிப் போகலாம். இரண்டு மணி நேர மண்டபத்தில் விளக்கை அணைத்து அதைச் சரிசெய்துவிட முடியும் என்று சொல்கிறவர், பயம் முழுக்கப் பிள்ளையின் தலைக்குள்ளே முளைத்தது என்று நம்பவைக்கிறார். அதனால்தான் அழவைக்கவும் வேண்டியிருக்கிறது. அம்மாவின் கைக்காய்ப்பு பிள்ளையின் குற்றமாகிவிடுகிறது.

பஞ்சிமில் ஃபாரியாவுக்கு ஒரு சிலை இருக்கிறது. 1945இல் வைத்தது. அங்கி பறக்க, இரண்டு கைகளையும் நீட்டி, சாய்ந்து விழும் ஒரு பெண்ணின் மேல் சக்தியைப் பாய்ச்சுகிறவர்போல் நிற்கிறார். பார்க்கக் கம்பீரம். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க மறுத்த காட்சி அதுதான்.

அவருடைய கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த அரசவை மேடையில்தான் இருக்கிறது. எதிரே இருந்த கூட்டத்தில் யாருக்கும் கொங்கணி தெரியாது. தகப்பன் மகனைக் கண்ணை மூடச் சொல்லவில்லை, உன்னால் முடியும் என்றுகூடச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களைக் கீரைக்கட்டு என்றார், வீட்டு மொழியில்.